ஷேர்டு ஹோஸ்டிங்கோடு வரும் மெயில்: பச்சை டிக் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது

ஷேர்டு ஹோஸ்டிங் வாங்கினால் கூடவே சிபேனல் என்ற நிர்வாகப் பக்கமும், அதற்குள் நம் டொமைன் பெயரில் மெயில் கணக்குகள் தொடங்கிக்கொள்ளும் வசதியும் வந்துவிடும். வெப்சைட்டுக்குக் கட்டிய அதே ஆண்டுக் கட்டணத்தில் மெயிலும் முடிந்துவிடுவதால் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன, மெயிலுக்கென்று தனியாகக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. சில நிறுவனங்களின் டொமைன்களை நான் கவனித்துக்கொள்கிறேன். பின்னலாடை ஏற்றுமதி, மோட்டார் உதிரி பாகம் என்று இன்வாய்ஸ் அனுப்பித் தொழில் நடத்துகிறவர்கள். அதனால் இந்தச் சேவையை வேகம், இடம், வெப்மெயிலின் தோற்றம் என்று பார்க்காமல் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: வெளியாள் ஒருவன் நம் டொமைன் பெயரைப் போட்டு மெயில் அனுப்பினால், அது வாடிக்கையாளரின் இன்பாக்ஸில் போய் உட்காருமா, உட்காராதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிபேனலில் இருக்கும் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' பக்கம் நல்ல கருவி, டி.என்.எஸ். (டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பதிவேடு) பற்றி அதிகம் தெரியாதவர்களும் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு அடியில் ஓடும் ஷேர்டு மெயில் சர்வரை, பணம் கைமாறும் கடிதங்கள் போகிற எந்த நிறுவனத்துக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. முறை 1982ல் எழுதப்பட்டது. அனுப்புகிறவர் யாரென்று சரிபார்க்கும் எந்த ஏற்பாடும் அதில் இல்லை. 'ஃப்ரம்' என்ற இடத்தில் எந்த முகவரியை எழுதினாலும் சர்வர்கள் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். சரக்கு கப்பலேறும் சமயமாகப் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கித் தொகையைக் கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும்" என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போகும். அனுப்புநர் முகவரி எழுத்துப் பிசகாமல் கம்பெனியின் முகவரியாகவே இருக்கும். பணம் போன பிறகு இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவதுதான் மிச்சம்.

இதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் வந்தன, மூன்றும் நம் டொமைனின் டி.என்.எஸ்.ஸில் எழுதி வைக்கும் சிறு வரிகள்தான். எஸ்.பி.எஃப். என்பது 'என் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஐ.பி. முகவரிகளுக்கு மட்டும்தான் அனுமதி' என்ற அறிவிப்பு. டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.ஸில் இருக்கும், ரகசியச் சாவி சர்வரில் இருக்கும். இரண்டுமே நல்ல ஏற்பாடு, ஆனால் இரண்டிலும் ஒரே ஓட்டை. எஸ்.பி.எஃப். பார்ப்பது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 'ரிட்டர்ன் பாத்' முகவரியை. மெயிலைத் திறப்பவர் கண்ணில் படுவது 'ஃப்ரம்' முகவரி. டி.கே.ஐ.எம். கையெழுத்தும் எந்த டொமைனுடையதாகவும் இருக்கலாம். ஆக, மோசடிக்காரன் தன் சொந்த டொமைனுக்கு ஒழுங்காக எஸ்.பி.எஃப்.பும் டி.கே.ஐ.எம்.மும் போட்டுக்கொண்டு, 'ஃப்ரம்' வரியில் மட்டும் உங்கள் முகவரியை எழுதினால் இரண்டு சோதனையும் பாஸ்தான்.

இந்த ஓட்டையை அடைப்பது டீமார்க். 2012ல் அறிவித்தார்கள், 2015ல் ஆர்.எஃப்.சி. 7489 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. பாஸ் ஆன எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். டொமைனும், கண்ணுக்குத் தெரிகிற 'ஃப்ரம்' டொமைனும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையும் நாம் எழுதியதுதான்: 'நன்' என்றால் சும்மா விடு, 'குவாரன்டைன்' என்றால் ஸ்பேமில் போடு, 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

இப்போது சிபேனலுக்கு வருகிறேன். ஈமெயில் டெலிவரபிலிட்டி பக்கத்தைத் திறந்தால் கணக்கில் உள்ள டொமைன்கள் எல்லாம் வரிசையாக வரும், பக்கத்திலேயே 'வேலிட்' என்று பச்சையிலோ, 'பிராப்ளம்ஸ் எக்ஸிஸ்ட்' என்று எச்சரிக்கையாகவோ நிலை காட்டும். 'ரிப்பேர்' பட்டனை அழுத்தினால் என்ன எழுதப் போகிறது என்பதை முதலில் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறது, இது எனக்கு மிகவும் பிடித்தது. டி.என்.எஸ்.ஸை வைத்திருக்கும் நேம்சர்வர் வெளியே, உதாரணமாக கிளவுட்ஃபிளேரில், இருந்தால் 'இந்த டொமைனின் டி.என்.எஸ். என் கட்டுப்பாட்டில் இல்லை' என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, காப்பி செய்துகொள்ள வேண்டிய பெயரையும் மதிப்பையும் தனித்தனிப் பெட்டியில் கொடுக்கும். டி.கே.ஐ.எம். சாவி 2048 பிட் என்பதால் டி.என்.எஸ்.ஸில் ஒரு டி.எக்ஸ்.டி. (உரை) சரத்தின் வரம்பான 255 எழுத்துகளைத் தாண்டிவிடும், பிரித்துத்தான் எழுத வேண்டும்; கையால் ஒட்டும்போது நடுவில் ஒரு எழுத்து விடுபட்டுப் பாதி நாள் தேட வைக்கும் வேலை அது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. ரிவர்ஸ் டி.என்.எஸ். (ஐ.பி.யிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் பதிவு) சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்கிறது, அதை ஹோஸ்டிங்காரர்தான் சரிசெய்ய முடியும் என்றாலும் தெரிந்துகொள்வது நல்லது.

சாவியின் நீளத்தில் அலட்சியம் வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 2011 டிசம்பரில் சாகரி ஹாரிஸ் என்ற கணிதக்காரருக்கு கூகுளிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அந்த மெயிலின் ஹெட்டரை, அதாவது அது வந்த வழியைக் காட்டும் மறைவான வரிகளை, பார்த்தவர், கூகுள் வெறும் 512 பிட் சாவியில் கையெழுத்துப் போடுவதைக் கவனித்தார். வாடகை கிளவுட் கம்ப்யூட்டர்களை வைத்து அதை உடைத்து, கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் அனுப்பியது போல இன்னொருவரான லாரி பேஜுக்கே ஒரு மெயிலை அனுப்பி வைத்தார். கூகுள் சட்டென்று 2048க்கு மாறிக்கொண்டது. இன்று 1024க்குக் கீழே உள்ள சாவியை ஏற்கவே கூடாது என்பது விதி, 2048 போடுவதுதான் நல்லது.

குறை எங்கே என்றால், அந்தப் பச்சை டிக்கைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். நான் பார்த்த ஹோஸ்டிங்கில் ஓடும் பதிப்பில் எஸ்.பி.எஃப்.பும் டி.கே.ஐ.எம்.மும் சரியாக இருந்தாலே 'வேலிட்' வந்துவிடுகிறது, டீமார்க்கை, டி.என்.எஸ். வரிகளைத் திருத்தும் ஜோன் எடிட்டருக்குப் போய்த் தனியாகச் சேர்க்க வேண்டும். அங்கே போகிறவர்களும் 'நன்' என்று ஒன்றைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் (கூகுளின் கணக்கில் ஒரு நாளைக்கு 5,000 அல்லது அதற்கு மேல்) மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்; ஆனால் டீமார்க்கில் 'நன்' இருந்தாலே அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். 'நன்' என்பது கண்காணிப்புக்கு மட்டும். போலி மெயில் ஒன்றைக்கூட அது தடுக்காது.

இன்னொன்று, எஸ்.பி.எஃப். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். மார்க்கெட்டிங் சேவைக்காரர் கொடுத்த வரியைத் தனி ரெக்கார்டாக ஒட்டினால் இரண்டாகிவிடும், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டி.என்.எஸ். தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் அதே கதிதான். பில்லிங் மென்பொருள், நியூஸ்லெட்டர், சி.ஆர்.எம். என்று ஒவ்வொரு வெளிச் சேவைக்கும் அனுமதி தரும் 'இன்க்ளூட்' அடுக்கிக்கொண்டே போகிறவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

சரி, இதெல்லாம் உட்கார்ந்து சரிசெய்யக்கூடியவை. எனக்குப் பெரிய கவலை வேறு.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில், ஒரே ஐ.பி.யில், முன்பின் தெரியாத பலர் குடியிருக்கிறார்கள். சிபேனல் எழுதித் தரும் எஸ்.பி.எஃப். வரி 'இந்தச் சர்வரின் ஐ.பி.யிலிருந்து வந்தால் அது என் மெயில்' என்று சொல்கிறது. பக்கத்துக் கணக்குக்காரர் அனுப்புவதும் அதே ஐ.பி.யிலிருந்துதான். ஒரு அபார்ட்மென்டின் வாட்ச்மேன், உள்ளேயிருந்து வருகிறவர் எந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாலும் சரி என்று விட்டுவிடுகிற மாதிரி இது. அப்படியானால் சர்வர்தான் உள்ளேயே கறாராக இருக்க வேண்டும், அதாவது லாகின் செய்த கணக்கு எதுவோ அந்த முகவரியில் மட்டும்தான் அனுப்பவிட வேண்டும்.

அப்படி விடுகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். எனக்கே சொந்தமான இரண்டு டொமைன்கள், ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தில், ஒரே சர்வரில், ஆனால் தனித்தனி சிபேனல் கணக்குகளில். முதல் டொமைனுக்கு டீமார்க் 'ரிஜெக்ட்' வரைக்கும் பக்காவாகப் போட்டேன். அப்புறம் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் இரண்டாவது டொமைனின் கணக்கில் லாகின் செய்து, அதற்குள் இன்னொரு ஐடென்டிட்டியாக முதல் டொமைனின் முகவரியைச் சேர்த்து, என் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அந்த முகவரியின் பாஸ்வேர்டு எங்கேயும் கொடுக்கவில்லை. மெயில் நேராக இன்பாக்ஸுக்கு வந்தது. ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போய்ப் பார்த்தால், எஸ்.பி.எஃப். பாஸ், டி.கே.ஐ.எம். பாஸ், டீமார்க் பாஸ். ரகசியச் சாவி சர்வரிடம்தானே இருக்கிறது, அனுப்பியது யார் என்று கேட்காமல் முதல் டொமைனின் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டது. அதாவது அதே சர்வரில் ஒரு மலிவான பிளான் வாங்குகிற எவனும், அல்லது அங்கே உள்ள ஏதாவது ஒரு கணக்கின் பாஸ்வேர்டைத் திருடியவன், என் டொமைன் பெயரில் மூன்று பாஸோடு மெயில் அனுப்பலாம்.

இது ஒரு நிறுவனத்தின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம், அதனால்தான் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. 2023ல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் மார்செல்லோ சல்வாட்டி என்ற ஆய்வாளர் இதே ரகத்தில் பெரியதொன்றைக் காட்டினார். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் வெளியே போகும் மெயிலை மெயில்சேனல்ஸ் என்ற சேவை வழியாக அனுப்புகின்றன, அதற்காக வாடிக்கையாளர்களின் எஸ்.பி.எஃப்.பில் அந்தச் சேவையின் 'இன்க்ளூட்' இருக்கும். அந்தச் சேவைக்குள் நுழைய வழி கிடைத்த யாரும் அப்படிப்பட்ட 20 லட்சத்துக்கும் மேலான டொமைன்களின் பெயரில் அனுப்ப முடிந்தது, கிளவுட்ஃபிளேரில் சிறு நிரல்களை ஓட்டும் ஒர்க்கர்ஸ் சேவை வழியாக அந்த வழி இலவசமாகவே கிடைத்தது. 'டொமைன் லாக்டவுன்' என்ற கூடுதல் டி.என்.எஸ். ரெக்கார்டை எழுதி எந்தக் கணக்கு அனுப்பலாம் என்று குறித்தால்தான் இது அடைபடும். உங்கள் எஸ்.பி.எஃப். வரியில் மெயில்சேனல்ஸ் பெயர் தெரிந்தால் அந்த ரெக்கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஆண்டு, 2024 ஜூலையில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு மையம் இந்தப் பொதுக் குறைபாட்டையே எச்சரிக்கையாக வெளியிட்டு இரண்டு சி.வி.இ. எண்களும் (பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான அடையாள எண்கள்) கொடுத்தது: லாகின் செய்த பயனர் எந்த டொமைனின் பெயரைப் பயன்படுத்த உரிமை உள்ளவர் என்று சரிபார்க்காத மெயில் சேவைகளில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டீமார்க் மூன்றையும் தாண்டிப் போகலாம் என்பதுதான் அதன் சாரம்.

என் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சப்போர்ட்டில் இதைச் சொன்னேன். முதலில் வந்தவர் "சார், உங்க டொமைன்ல எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ரெண்டும் வேலிட்தான் காட்டுது, பிரச்சினை இல்லையே" என்றார். ஹெட்டரை முழுதாக அனுப்பி, இது வேறு கணக்கிலிருந்து போனது என்று விளக்கியதும் மேலே அனுப்புகிறோம் என்றார்கள். அங்கிருந்து வந்த பதில், அப்படிக் கட்டுப்படுத்தினால் வேறு முகவரிகளில் அனுப்புகிற மற்ற வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சலாகும் என்பது. சர்வர் நிர்வாகிக்கான டபிள்யூ.எச்.எம். பக்கத்தில், எக்சிம் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் அமைப்புகளுக்குள், 'ஃப்ரம்' வரியை உண்மையில் அனுப்பியவரின் முகவரியாக மாற்றி எழுதும் தேர்வு ஒன்று இருக்கிறது, சோதனை நிலை என்ற குறிப்போடு. அதை இயக்குவது சர்வர் நிர்வாகியின் கையில்தான், வாடிக்கையாளர் கையில் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தப் பதிலோடு அந்தச் சேவையின் மதிப்பெண் பாதியாகிவிட்டது. அடுத்தவர் பெயரில் அனுப்பும் வசதியை ஒருவருக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காகத் திறந்து வைப்பது, மற்ற எல்லோரையும் நிராயுதபாணியாக நிறுத்துவது.

அதனால் வெப்சைட்டை அங்கேயே விட்டுவிட்டு மெயிலை மட்டும் பிரித்துவிடுவதுதான் நான் செய்தது. சிலருக்கு சோஹோ மெயில், சிலருக்கு கூகுள் ஒர்க்ஸ்பேஸ். சோஹோவில் அதே தண்டர்பேர்டு சோதனையைச் செய்தால் '553 ரிலேயிங் டிஸ்அலவ்டு' என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது, மெயில் வெளியே போவதே இல்லை. கூகுளில் வேறு முகவரியிலிருந்து அனுப்ப வேண்டுமென்றால் அந்த முகவரி நம்முடையதுதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். சோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐமேப் (வேறு மென்பொருளில் மெயிலைத் திறக்கும் முறை) கிடையாது, பிரவுசரிலும் அவர்களின் ஆப்பிலும் மட்டும்தான் பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அவுட்லுக்கிலேயே பழகிய கணக்காளர் இருக்கும் ஆபீஸுக்கு அது சரிவராது. கூகுளில் கவனிக்க வேண்டியது, டி.கே.ஐ.எம். சாவியை டி.என்.எஸ்.ஸில் ஒட்டினால் மட்டும் போதாது, அட்மின் கன்சோலுக்குத் திரும்பி வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' பட்டனை அழுத்தினால்தான் நம் டொமைன் பெயரில் கையெழுத்து விழும். அதுவரை கூகுளின் சொந்த டொமைன் ஒன்றின் கையெழுத்துதான் போகும், டீமார்க் அதைக் கணக்கில் எடுக்காது.

மெயிலை மாற்றியவர்கள் பலர் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. எஸ்.பி.எஃப். வரியில் புது சேவையின் 'இன்க்ளூட்'டைச் சேர்ப்பார்கள், பழைய சர்வரின் ஐ.பி.யையும் 'ஏ' என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிடுவார்கள். 'ஏ' என்பது வெப்சைட் ஓடும் சர்வரைக் குறிக்கும், அதாவது அதே ஷேர்டு சர்வர்! மெயிலை மாற்றியும் பழைய கதவு திறந்தே கிடக்கும். இரண்டையும் எடுத்துவிட வேண்டும், டி.என்.எஸ்.ஸில் பழைய சர்வரின் டி.கே.ஐ.எம். சாவி 'டிஃபால்ட்' என்ற பெயரில் கிடந்தால் அதையும் நீக்க வேண்டும்.

எடுத்தவுடன் வெப்சைட்டின் தொடர்புப் படிவம் நின்றுபோகும், ஏனென்றால் அது அந்த ஷேர்டு சர்வரிலிருந்துதான் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. வேர்ட்பிரஸ்ஸில் எஸ்.எம்.டி.பி. பிளக்இன் ஒன்றைப் போட்டு, புது மெயில் சேவையில் தனிக் கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். படிவத்தைத் தொடும்போதே இதையும் பாருங்கள்: பல படிவங்கள் விசாரணை அனுப்பியவரின் முகவரியையே 'ஃப்ரம்' வரியில் போடுகின்றன. அவர் யாகூ முகவரி வைத்திருந்தால் அந்த விசாரணை உங்களுக்கு வந்து சேரவே சேராது, யாகூ 2014 ஏப்ரலிலேயே 'ரிஜெக்ட்'டுக்குப் போய்விட்டது. நாமே செய்யும் ஒரு போலி முகவரி மெயில்தான் அது. 'ஃப்ரம்' வரியில் நம் முகவரி, 'ரிப்ளை டு' வரியில் வந்தவரின் முகவரி, இப்படித்தான் இருக்க வேண்டும்.

டீமார்க்கில் எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' போடாதீர்கள். 'நன்' போட்டு, அறிக்கை வர ஒரு முகவரியையும் எழுதிவிட்டால், கூகுள் போன்றவை தினமும் எந்த ஐ.பி.யிலிருந்து உங்கள் பெயரில் எத்தனை மெயில் வந்தது என்று எக்ஸ்.எம்.எல். கோப்பாக அனுப்பும். அதை வெறும் கண்ணால் படிப்பது கொடுமை. கிளவுட்ஃபிளேரிலேயே படிக்கும்படி ஆக்கித் தரும் வசதி இருக்கிறது, போஸ்ட்மார்க் வாரம் ஒருமுறை சுருக்கம் அனுப்புகிறது. யாரும் நினைவில் வைத்திராத டேலி சர்வர், ஸ்கேனர், பழைய நியூஸ்லெட்டர் கணக்கு எல்லாம் இதில்தான் வெளியே வரும். அவற்றை ஒழுங்குபடுத்திவிட்டு 'குவாரன்டைன்', பிறகு 'ரிஜெக்ட்'. நம் மெயிலை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிட்டிருக்கும் வாடிக்கையாளரிடம் எஸ்.பி.எஃப். உடைந்துபோகும், டி.கே.ஐ.எம். மட்டும்தான் தாக்குப்பிடிக்கும், அதனால் டி.கே.ஐ.எம். இல்லாமல் 'ரிஜெக்ட்' பக்கமே போக வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும், ஒரு எழுத்து மாற்றிய புது டொமைனை வாங்கி அனுப்பினால் டீமார்க் எதுவும் செய்யாது, அந்த டொமைனுக்கு அவன்தான் சொந்தக்காரன். பெயரை மட்டும் முதலாளியின் பெயராகப் போட்டு ஏதோ ஒரு ஜிமெயிலிலிருந்து அனுப்பினாலும் அப்படித்தான். வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே கையில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே எழுதிச் சொல்லி வைப்பது தனி வேலை.

சிபேனலின் அந்தப் பக்கத்துக்கு 5க்கு 4 கொடுப்பேன். அதோடு வந்த மெயில் சேவைக்கு 2. வலைப்பூ, கோயில் கமிட்டி, பழைய மாணவர் சங்கம் போன்றவற்றுக்கு அது போதும். மெயிலே அனுப்பாமல் பெயரைப் பிடித்து வைப்பதற்காக வாங்கிய டொமைன்கள் இருந்தால் அவற்றை ஹோஸ்டிங்காரர் போட்டுக் கொடுத்த ரெக்கார்டுகளோடு விட்டுவிடாதீர்கள், எஸ்.பி.எஃப்.பில் வெறும் '-ஆல்' (யாருக்கும் அனுமதி இல்லை), டீமார்க்கில் 'ரிஜெக்ட்', மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ்.ஸில் ஒற்றைப் புள்ளி, மூன்றையும் ஜோன் எடிட்டரில் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.